செல்லாயி கேட்ட சாப்பு

உடையப்பன் பெரிய அதிகாரி ஒன்றும் இல்லை. ஈப்போவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பியூன். கோப்பு தூக்குவது, தேநீர் வாங்கி வருவது, அதிகாரியின் மேசையைத் துடைப்பது என்று அவருக்கு இருந்த வேலைகளில் ஒன்றுதான் முத்திரை குத்துவது. ஆனால் வேலை என்ன என்று யாராவது கேட்டால் அந்த ஒன்றைத்தான் சொல்லுவார். மற்றதெல்லாம் ஏதோ கூடமாட ஒத்தாசை செய்கிற மாதிரி ஒரு பேச்சு.

அது மை தொட்டு வைக்கிற ரப்பர் முத்திரை இல்லை. கனமான இரும்பு. கைப்பிடியை அழுத்தினால் தாளில் எழுத்துகள் புடைத்துக்கொண்டு எழும்பும். அதிகாரி கையெழுத்துப் போட்டு, தலைமை எழுத்தர் இராஜசிங்கம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சரிபார்த்த பிறகுதான் தாள் உடையப்பனிடம் வரும். அவர் தாளை நேராக்கி, மூச்சைப் பிடித்து, உடம்பு முழுவதையும் சாய்த்து அழுத்துவார். பிறகு கட்டைவிரலால் ஒரு தடவு தடவிப் பார்ப்பார். அந்தத் தடவலை எந்தச் சட்டமும் கேட்கவில்லை, அது அவராகச் சேர்த்துக்கொண்டது.

அவர் பிறந்து வளர்ந்தது சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். முத்திரை என்று நாம் எழுதுவதை அங்கே சாப்பு என்பார்கள். சாப்பு இல்லாத தாளைத் தோட்டத்து ஜனங்கள் தாளாகவே மதிக்க மாட்டார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. எழுபதாம் வருஷத்தை ஒட்டி, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டையை வைத்திருந்தவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. கிடைக்காதவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு, தாங்கள் பார்த்தே இராத இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் பாதி காலியானது. எஞ்சியவர்கள் நெஞ்சில் ஒரு பயம் தங்கிவிட்டது. எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் சாப்பு எங்கே என்று தேடுவார்கள்.

அப்படிப்பட்ட இடத்துக்கு உடையப்பன் கல்யாணம், காதுகுத்து என்று போனால் கேட்க வேண்டுமா? "சாப்புக்காரர் வந்துட்டாரு" என்று சத்தம் எழும்பும். பந்தலில் தோட்டத்து எழுத்தரான கிராணிக்குப் பக்கத்தில் நாற்காலி போடுவார்கள். கையெழுத்துப் போடுகிறவர் வேறு ஆள், நான் வெறுமனே அழுத்துகிறவன் என்று அவர் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜரிகை வேட்டியை மடித்து உட்கார்ந்து, யார் கேட்டாலும் "பாத்துக்கலாம் லா" என்பார். மனைவி காளியம்மா மட்டும் பஸ்ஸில் திரும்பி வரும்போது, "அம்புட்டு நேரம் வாய் கிழியப் பேசினீங்களே, வீட்டுக்கு வந்து ஒழுகுற குழாய மாத்துவீங்களா?" என்று கேட்டு இறக்கி வைப்பாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லாயி ஈப்போவுக்கு அவர் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். அதே தோட்டத்து ஆள், உடையப்பனுக்கு அக்கா முறை. புருஷன் போய் வெகுநாளாகிவிட்டது. இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் ஒரு தாள், கையில் கால் கட்டிய ஒரு விடைக்கோழி. தோட்டத்தில் வெறுங்கையோடு யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. அந்தக் கோழியைப் பற்றி அன்று யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

செல்லாயியின் மகள் நவமணிக்கு அப்போது பத்தொன்பது வயது. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு எழுதிப் போட்டு, இடமும் கிடைத்துவிட்டது. அந்தத் தோட்டத்தில் அதுவரை யாருக்கும் கிடைக்காத இடம். ஆனால் சேர வேண்டுமானால் குடியுரிமை உள்ளவர்களின் நீல ஐசி வேண்டும். நவமணியிடம் இருந்தது சிவப்பு. பிறந்தது இந்த மண்ணில், மெர்டேக்கா என்கிற சுதந்திரத்துக்குப் பிறகு. இருந்தும் அவள் அப்பா அன்றைக்குப் பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் பதியவில்லை. நாளைக்குப் போகலாம், அடுத்த சம்பளத்துக்குப் போகலாம் என்று விட்டுவிட்டுச் செத்தும் போனார். பிறந்ததற்கு இருந்த ஒரே சாட்சி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த டிரசர் 1959இல் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டு. டிரசரும் உயிரோடு இல்லை. அந்தச் சீட்டைத்தான் செல்லாயி சுருக்குப்பையில் கொண்டு வந்திருந்தாள்.

உடையப்பன் வாங்கிப் படித்தார். பழுத்த தாள், நீல மை, எல்லாம் சரியாக இருந்தது.

"இத எங்கயாச்சும் காட்டினீங்களாக்கா?"

"காட்டாம? நவமணி போயி கவுண்டர்ல காட்டிட்டு வந்துச்சு. போதும், ஒரிஜினலக் கொண்டா, ஃபாரம் நெறப்பிக் குடுன்னு சொன்னாங்களாம்."

"அப்புறம் என்ன? குடுக்க வேண்டியதுதானே?"

"சாப்பு எங்க தம்பி?" என்று செல்லாயி தாளைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். "வெறுந் தாளால்ல இருக்கு! இத நம்பி நீல ஐசி குடுப்பானா?"

"இதுக்கு சாப்பு தேவையில்லக்கா. டிரசர் கையெழுத்து இருக்கு. போதும்னு அவங்களே சொல்லிட்டாங்க."

செல்லாயி அழ ஆரம்பித்துவிட்டாள். "எம் புருஷனும் இப்படித்தான், அது தேவையில்ல இது தேவையில்லன்னு சொல்லிச் சொல்லிப் போய்ச் சேந்துச்சு. நீயும் சொல்லு. தோட்டமே ஒன்னயத்தான் பேசுது. நாதியத்தவ கேட்டா மட்டும் தேவையில்ல."

அந்த இடத்தில் உடையப்பன் செய்திருக்க வேண்டியது ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை. மறுநாள் அரை நாள் லீவு போட்டு, அம்மாவையும் மகளையும் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போய், கவுண்டரில் இருப்பவர் வாயாலேயே போதும் என்று சொல்ல வைத்திருந்தால் முடிந்தது. ஆனால் அங்கே போனால் அவரும் வரிசையில் நிற்க வேண்டும். "நீ யார்?" என்று கேட்டால் பியூன் என்று செல்லாயி காதுபடச் சொல்ல வேண்டும். அது அவருக்கு முடியவில்லை. மனிதருக்கு இவ்வளவு சின்ன விஷயத்தில்தானா புத்தி கெட்டுப்போக வேண்டும் என்று கோபம் வருகிறது. ஆனால் கெட்டது அங்கேதான்.

"சரி, அழாதீங்கக்கா. குடுங்க. நானே குத்தித் தாரேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அலுவலகம் தொழுகைக்குக் கலைந்த நேரத்தில், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து முத்திரைப் பெட்டியைத் திறந்தார். அதிகாரி கையெழுத்து இல்லாத தாளில் அவர் அதுவரை முத்திரை வைத்ததே கிடையாது. கை கூசத்தான் செய்தது. ஆனாலும் சீட்டின் கீழ்மூலையில் வைத்து, மூச்சைப் பிடித்து, சாய்ந்து அழுத்தினார். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நன்றாக விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். செல்லாயி புடைத்த எழுத்துகளைத் தடவிப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நவமணி மட்டும், "எதுக்கு மாமா இது? அங்க கேக்கலியே?" என்றாள்.

"இருக்கட்டும் லா. இனிமே எந்த ஆபிஸ்லயும் ஒன்னய ஒரு கேள்வி கேக்க மாட்டான்" என்றார் உடையப்பன். இந்த வார்த்தைகளைப் பிறகு அவர் எத்தனை முறை மனசுக்குள் திரும்பக் கேட்டிருப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது.

அடுத்த வாரம் வழக்கம்போல ஒரு தாளில் முத்திரை குத்திவிட்டுத் தடவினார். விரல் ஓர் எழுத்தில் நின்றது. வட்டத்தின் மேல்பக்கம் "மலேசியா" என்று இருந்தது. மலேசியா என்ற பெயர் வந்ததே அறுபத்துமூன்றில். அந்தப் பெயர் வந்த பிறகுதான் இந்தப் புது முத்திரையும் வந்தது. பழைய முத்திரையைச் சாக்கில் கட்டி, அழிப்பதற்காக மேலிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதே அவர்தான். டிரசர் சீட்டின் தேதி 1959. அன்றைக்கு இல்லாத ஒரு நாட்டின் பெயர் அந்தச் சீட்டில் புடைத்துக்கொண்டு நிற்கிறது. பார்க்கிறவன் முத்திரையை மட்டுமா பொய் என்பான்? சீட்டையே பொய் என்பான்.

வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடித்துத் தோட்டத்துக்கு ஓடினார். செல்லாயி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"திங்கக்கெழமையே குடுத்தாச்சு தம்பி. ஒரு வார்த்த கேக்கலியாம். ஒஞ் சாப்பு பேசுது பாத்தியா!"

உடையப்பன் அவள் கொடுத்த தேநீரைக் குடித்தார். அங்கேயிருந்து நேராகப் பதிவு அலுவலகத்துக்குப் போய், "துவான், அந்தச் சாப்பு நான் வைத்தது, என்னைத் தண்டியுங்கள், சீட்டு நிஜம்" என்று சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும். ஆனால் சீட்டு ஒருவேளை பிழைத்திருக்கும். வேலையை நினைத்தார், பென்ஷனை நினைத்தார், பந்தலில் கிராணிக்குப் பக்கத்தில் போடுகிற நாற்காலியையும் நினைத்தார். ஒருவேளை யாரும் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஈப்போ பஸ் ஏறினார்.

கவனித்தார்கள். அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறார்கள். செல்லாயியைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். முத்திரை எந்த அலுவலகத்தினுடையது என்று பார்த்து ஈப்போவுக்கும் ஆள் வந்தது. வந்தவர் அதிகாரியின் அறையில் இருந்தபோது, இராஜசிங்கம் உடையப்பனைக் கோப்பு அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாளும் சட்டமுமாகவே வளர்ந்த மனிதர், உடையப்பனோடு அதிகம் பேசினதும் இல்லை.

"நீர்தான் செய்தனீர் எண்டு எனக்குத் தெரியும். முகத்திலேயே எழுதிக் கிடக்கு. ஆனா ஒண்டும் கதைக்காதையும். சாவி ஆணியிலதான் தொங்கினது, ஆர் எடுத்தது எண்டு ஆருக்குத் தெரியும்? கள்ள முத்திரை செய்து வச்சிருந்தாலும் குற்றம், நல்ல முத்திரையைக் கள்ளமாக் குத்தினாலும் குற்றம். பிடிச்சு மறியலில அடைப்பினம், பென்ஷனும் போகும்."

"நான் இல்லன்னு சொன்னா, அந்த அக்காவ என்ன செய்வாங்க ஐயா?"

இராஜசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆற்ற கையில தாள் இருந்ததோ அவையைத்தான் பிடிப்பினம்."

உடையப்பன் கதவைத் திறந்துகொண்டு அதிகாரி அறைக்குப் போனார். அந்த அளவுக்கு அவர் மனுஷர்தான். இதை ஒரு வாரம் முன்னால் செய்திருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது.

வழக்கு நடந்தது. வக்கீல் ஒரே ஒரு கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். முத்திரையைத் தவறாகப் பயன்படுத்தியது உண்மை, ஆனால் ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடி. இங்கே சீட்டில் இருப்பதெல்லாம் நிஜம், யாரும் ஏமாறவில்லை, உடையப்பன் எதையும் வாங்கிக்கொள்ளவும் இல்லை. இதுதான் அவர் வாதம். "கோழியப் பத்தி வாயத் திறக்காதீங்க" என்று தனியாகவும் சொல்லி வைத்திருந்தார்.

செல்லாயி சாட்சிக் கூண்டில் ஏறி, "தம்பிதான் குத்திக் குடுத்துச்சு. தங்கமான மனசு. அத ஒண்ணும் செய்யாதீங்க சாமி" என்று நீதிபதியைக் கும்பிட்டுக் கதறினாள். அவளைத் தேற்றி வெளியே பெஞ்சில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். நவமணி மட்டும் உள்ளே பின்வரிசையில் இருந்தாள்.

உடையப்பன் முறை வந்தது. இதற்காக ஏதாவது வாங்கினாயா என்று அரசாங்கத் தரப்பு கேட்டது. சத்தியம் செய்தாகிவிட்டது. வக்கீல் இருமினார்.

"ஒரு கோழி துவான்."

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னதும் கோர்ட்டே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டார்.

பிறகு நீதிபதியே கேட்டார்: "இந்த முத்திரையால் யாரை ஏமாற்ற நினைத்தாய்?"

உடையப்பன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் யாரையும் இல்லை என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கவுர்மெண்ட்ட ஏமாத்தணும்னு நெனைக்கல துவான். அந்தச் சீட்டுக்குச் சாப்பே தேவையில்ல, எனக்கு அது தெரியும். அந்த அக்காவுக்குத்தான் நான் பெரிய ஆளுன்னு காட்ட நெனைச்சேன். நல்லா இருந்த தாள நாந்தான் கெடுத்தேன்."

ஆறு மாதம் சிறை என்று தீர்ப்பானது. இரும்பு முத்திரை நிஜம், அதைக் குத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. மற்றவரை நம்பவைக்கவே அது வைக்கப்பட்டது, அதற்குக் கைம்மாறும் பெறப்பட்டது. சட்டத்தின் பார்வையில் கோழியும் கைம்மாறுதான். டிரசர் எழுதிய சீட்டை வழக்குச் சான்று என்று கோர்ட் வைத்துக்கொண்டது. அப்படி வைத்துக்கொள்ளும்போது அதன் முதுகில் கோர்ட்டின் சாப்பு ஒன்றை, கையெழுத்தோடு, முறைப்படி வைத்தார்கள். செல்லாயி ஆசைப்பட்ட நிஜமான அரசாங்கச் சாப்பு அப்படித்தான் அந்தச் சீட்டுக்குக் கிடைத்தது. சீட்டு திரும்பி வரவில்லை. விண்ணப்பமும் அதோடு நின்றது. நர்ஸ் பயிற்சி தொடங்கியபோது நவமணியின் இடத்தில் வேறொரு பெண் சேர்ந்தாள்.

உடையப்பன் தைப்பிங் சிறையிலிருந்து வந்து, ஈப்போவில் ஒரு சீனர் இரும்புக் கடையில் ஜாகாவாக, அதாவது காவலாளியாக, சேர்ந்தார். பென்ஷன் இல்லை. காளியம்மா ஒரு வார்த்தை குத்திக் காட்டியதில்லை. வாயாடி அப்படி அடங்கிப்போனது அவருக்கு இன்னும் வலித்தது. ஆனால் அதையெல்லாம் தாங்கிவிடலாம். தாங்க முடியாதது செல்லாயியின் கோழிதான். ஒவ்வொரு தீபாவளிக்கும் யார் கையிலாவது ஒரு கோழி கொடுத்து அனுப்புவாள். "நமக்காக ஜெயிலுக்குப் போன தெய்வம்" என்று தோட்டமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள் என்று கொண்டு வருகிறவர் சொல்லுவார். காளியம்மா சமைத்துப் பிள்ளைகளுக்குப் போடுவாள். உடையப்பன் கோழி சாப்பிடுவதையே விட்டுவிட்டார். கேட்டவர்களிடம் டாக்டர் வேண்டாமென்றார் என்று சொல்லி வைத்தார்.

எண்பத்தாறாம் வருஷம் அவருக்குப் பொறுக்க முடியாமல் போயிற்று. கோர்ட்டில் சொன்னதை அந்த மனுஷியிடமும் சொல்லிவிட வேண்டும், அவள் வாயார ஏசினால் நன்றாக இருக்கும் என்று கிளம்பினார். தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்ப்பனை நட்டிருந்தார்கள். லயத்துக்குத் திரும்பும் மண்பாதையில் நவமணி எதிரே வந்தாள். சிலிம் ரிவரில் ஒரு தனியார் கிளினிக்கில் தரை துடைத்து, மருந்துப் பாட்டில் கழுவுகிறாள் என்று அவருக்குத் தெரியும். ஐசி இன்னும் சிவப்புதான்.

"என்ன மாமா இம்புட்டு தூரம்?"

சொன்னார். மறைக்காமல் சொன்னார். நவமணி பாதை ஓரமாக நின்று கேட்டாள்.

"அன்னிக்கு கோர்ட்ல நான் உள்ளதானே இருந்தேன். எல்லாம் தெரியும்" என்றாள். "அந்தத் தாள அப்படியே குடுத்திருந்தா எனக்கு நீல ஐசி வந்திருக்கும். ஒங்க மேல கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். இருக்கு. நர்ஸு டிரஸ்ஸப் பாக்குறப்பல்லாம் வருது."

உடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆனா அம்மாகிட்ட சொல்லாதீங்க மாமா. சொன்னா ஒங்களுக்கு பாரம் எறங்கும். அதுக்கு? சாப்பு சாப்புன்னு அழுது தன் வாயாலயே மவ வாழ்க்கையக் கெடுத்தோம்னு தெரிஞ்சா அது செத்துரும். நமக்காக ஒரு மனுசன் ஜெயிலுக்குப் போச்சுங்கறத வச்சித்தான் அது ஓட்டுது. அதுக்குன்னு வேற ஒண்ணும் இல்ல லா."

அவளே முன்னால் நடந்து வீட்டுக்குக் கூட்டிப் போனாள். செல்லாயிக்குக் கண் மங்கிவிட்டது. குரலை வைத்து ஆளை அடையாளம் கண்டு, அவர் வலதுகையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வந்த ஆளைச் சும்மா அனுப்புவாளா? கோழி அடிக்கச் சொன்னாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்றது எடுபடவில்லை.

சோற்றைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு செல்லாயி சொன்னாள்: "அன்னிக்கு நீ மட்டும் சாப்பு குத்தலன்னா எங்க ரெண்டு பேரையும் கப்பல்ல ஏத்தி விட்டுருப்பாங்க. இல்லியா தம்பி?"

உடையப்பன் நவமணியைப் பார்த்தார். அவள் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா" என்றார்.

செல்லாயி திருப்தியாக இன்னொரு துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். அவர் அதையும் சாப்பிட்டார்.